பச்சையும் சாம்பலும்

ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பது பற்றிச் சங்க அன்பர்கள் பலர் இப்பகுதியில் எழுதியுள்ளனர். வங்கத்து மண்ணில் முருங்கை வளர்த்துக் காய் பறித்தவர் உண்டு. நடுவயதில் வயலின் கற்கப் புகுந்தவரும் உண்டு. நாம் எழுதவிருப்பது சற்றே கூச்சத்துடன் சொல்ல வேண்டிய செய்தி. பகல் முழுதும் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுடன் மல்லாடிவிட்டு, மாலையில் கரக்பூர்க் குடியிருப்புக்குத் திரும்பி, முப்பத்தேழு வயதில், நாம் பிளாஸ்டிக் விமானம் செய்து கொண்டிருக்கிறோம்.

அண்டை வீட்டு நண்பர் ஒருவர் மேசைமேல் கிடந்த இறக்கைகளைக் கண்டு, "குழந்தைக்கா?" என்று வினவினார். இல்லை என்று தலையசைத்தோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தில் தொனித்த பரிதாபத்தைப் போக்கும் பொருட்டே இதனை எழுதுகிறோம் என்றும் அன்பர்கள் கொள்ளலாம்.

இவை விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. அளவு பிசகாத மாதிரிகள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது இவற்றுள் நன்கு வேரூன்றிய அளவு. அவ்வளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிறான். இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் நிறுவனத்தார் 1950களில் தம் முதல் விமான மாதிரியாக ஸ்பிட்பயரை வெளியிட்டதும் இந்த அளவில்தான். நாம் எடுத்துக்கொண்டது ஹாக்கர் ஹண்டர். 1950களின் இறுதியில் நம் விமானப்படையில் சேர்ந்து, 2001 வரை பணியாற்றி ஓய்வு பெற்ற விமானம் அது. பத்து மீட்டருக்குச் சற்று மிகுந்த அதன் இறக்கை விரிவு, மாதிரியில் பதினான்கு சென்டிமீட்டராகச் சுருங்கி உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இத்தொழிலுக்கு நாம் புதியவர் அல்லோம். பழையவர், இடையில் விட்டவர். கரக்பூருக்கு அருகிலுள்ள கலைகுண்டா விமானத் தளத்திலிருந்து எழும் விமானங்களின் ஓசையைக் கேட்டே வளர்ந்தோம். பதினைந்து வயதில், கல்கத்தாவிலிருந்து தாய்மாமன் வாங்கி வந்த ஒரு ஹண்டர் பெட்டியை வைத்துக்கொண்டு இரவும் பகலும் கழித்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய காலம். முன்தேர்வில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைத் தந்தையார் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பாதி வண்ணம் பூசிய விமானத்தை எடுத்தார், கையால் நெரித்தார், தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். தேர்வில் ஒருவாறு தேறினோம். அதற்கு மேல் படிக்கவில்லை. விமானத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அப்படியே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

தாயார் மறைந்த பின், சென்ற ஆண்டு பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பட்டுச் சேலைக்கு அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், பச்சை பூசிய ஓர் இறக்கை! எந்நேரத்தில் அந்தக் குப்பைத் தொட்டிக்குப் போய் அதை எடுத்து வந்தாரோ, அறியோம். அவ்வாண்டுப் பூஜை போனஸில் ஒரு புதிய ஹண்டர் பெட்டியும், அதற்கு வண்ணம் தெளிக்க ஏர்பிரஷ் என்னும் காற்றுத் தூரிகையும், சிறிய கம்ப்ரஸர் ஒன்றும் வாங்கினோம். புது மிக்ஸிக்கென ஒதுக்கிய தொகையும் அதில் அடங்கும். இல்லாள் அந்த இறக்கையைப் பார்த்திருந்தபடியால் மிக்ஸியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒட்டும் வேலையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. சட்டத்திலிருந்து துண்டுகளைக் கத்தரித்து, பிசிறு நீக்கி, பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்துப் பிணைக்கும் திரவத்தால் ஒட்டி, இணைப்புகளில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கை மறக்கவில்லை. கண்தான் பூதக்கண்ணாடி கேட்டது. மூன்று வாரங்களில் விமானம் உருப்பெற்றது. இடர் தொடங்கியது அதன் பிறகே.

போர் விமானத்தின் மேனியில் காணும் பச்சை, சாம்பல் திட்டுகள் அழகுக்காகத் தீட்டப்பட்டவை அல்ல; உருமறைப்புக்காகத் தீட்டப்பட்டவை. இக்கலையை மனிதன் விலங்குகளிடமிருந்தே கற்றான். மானின் முதுகு கருமை கொண்டும் வயிறு வெளிறியும் இருப்பது ஏன் என்பதை அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896-ல் விளக்கினார். மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளிச்சமாக்கி வயிற்றை நிழலாக்குகிறது. நிறம் அதற்கு நேர்மாறாக அமையவே, உருவத்தின் திரட்சி கண்ணுக்குப் புலப்படாமல் மறைகிறது. பிரெஞ்சு ராணுவம் 1915-ல் ஓவியர்களைக் கொண்டே உருமறைப்புக்கென ஒரு தனிப் பிரிவு அமைத்தது. நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1846-ல் பெஷாவரில் திரட்டப்பட்ட கைட்ஸ் படையினரின் மண்ணிற உடையே பின்னர் உலகெங்கும் பரவிய காக்கி. 'காக்' என்றால் புழுதி. 1971 போரின்போது தாஜ்மகாலையே பச்சைத் துணியால் போர்த்தினார்கள்.

ஹண்டரின் முதுகில் கரும்பச்சையும் கடற்சாம்பலும் அலை அலையாய் மாறி வரும். மேலே பறக்கும் பகைவன் குனிந்து பார்த்தால் காடும் வயலும் போலத் தோன்ற வேண்டும் என்பது கருத்து. அடிப்பாகம் வெளிறியிருக்கும், அண்ணாந்து பார்ப்பவனுக்கு அது வானத்தோடு கலந்துவிடும்.

இவ்விரு நிறங்களும் சந்திக்கும் விளிம்பில்தான் நம் கர்வம் அடங்கியது. உண்மையான விமானத்தில் ஸ்பிரே கன்னால் அடித்த இரு வண்ணங்கள் ஓர் அங்குல அகலத்தில் ஒன்றில் ஒன்று கரைவதாகக் கொள்வோம். எழுபத்திரண்டால் வகுத்தால், மாதிரியில் அக்கரைவு 0.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சாதாரணத் தூரிகையால் இது இயலாது. கோடு கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். சிறு பிராயத்தில் நாம் பூசிய இறக்கை அப்படித்தான் இருக்கிறது.

ஏர்பிரஷ் எவ்வாறு இயங்குகிறது என்று சொல்ல வேண்டும். பேனா போன்ற உலோகத் தண்டு. உள்ளே நீண்ட ஊசி. அதன் நுனி 0.3 மில்லிமீட்டர் துளையில் பொருந்தியிருக்கும். மேலே ஒரு சிறு கிண்ணத்தில் வண்ணம். விசையை அழுத்தினால் காற்று வரும். பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகி வண்ணம் வரும். துளையைச் சுற்றி விரைந்தோடும் காற்று வண்ணத்தை ஈர்த்துப் பனித்துளி போல் சிதறச் செய்கிறது. அமெரிக்கரான சார்லஸ் பர்டிக் 1890களில் செம்மைப்படுத்திய அமைப்பே அடிப்படையில் இன்றும் நிலவுகிறது. ஒரே விரலால் அழுத்தவும் இழுக்கவும் வேண்டும். அதிலும் ஒரு மயிரிழையளவே இழுக்க வேண்டும். சைக்கிள் கற்பது போல, சொன்னால் எளிது.

நாம் பழைய தண்ணீர்ப் புட்டிகளின்மேல் பழகினோம். வண்ணம் கெட்டியாக இருந்தபோது ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரத்தது. மிகவும் நீர்க்க விட்டபோது சிலந்திக் கால்கள்போல் நாற்புறமும் ஓடிற்று. பால் பதத்தில் இருக்க வேண்டும் என்று படித்திருந்தோம். எந்தப் பால் என்று எவரும் எழுதவில்லை. பதம் அமைந்த நாளில் ஊசி நுனியில் வண்ணம் உலர்ந்து அடைத்துக்கொண்டது. அதுவும் சீர்ப்பட்ட நாளில் மழை பிடித்துக்கொண்டது. வங்கத்து மழைக்காலக் காற்றிலுள்ள ஈரம் கம்ப்ரஸருக்குள் நீராகித் திரண்டு, வண்ணத்தின் நடுவே துப்பிற்று. இருமுறை விமானத்துக்கு வண்ணம் ஏற்றினோம். இருமுறையும் ஆல்கஹாலில் துடைத்து எடுத்தோம்.

இவ்வளவையும் வாயிற்புறத்து நாற்காலியில் அமர்ந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம் தந்தையார். அவருக்கு எழுபது வயது. கரக்பூர் ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு ஆண்டு பெயின்டராக இருந்தவர். எத்தனை பெட்டிகள் அவர் கையால் நிறம் பெற்று நாடெங்கும் ஓடினவோ, கணக்கில்லை. தாயார் மறைந்தபின் அவர் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. காலை நாளிதழ், மாலை வானொலி, இடையில் உறக்கம். நாம் ஏர்பிரஷ் பிடித்த மூன்று வாரங்களும் ஒரு சொல் சொன்னாரில்லை. அவர் கேலியாக நினைக்கிறார் என்றெண்ணி நாமும் முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொன்னால், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட சினம் நம் உள்ளத்தில் ஒரு மூலையில் ஈரம் காயாமல் கிடந்தது. அவர் கண்ணெதிரில் இதைச் செய்வதிலேயே நமக்கு ஒரு வீம்பு இருந்தது.

மூன்றாம் முறையும் வண்ணம் வழிந்த மாலையில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய், கையை நிறுத்திவிட்டு விசையை விடுகிறாய். விசையை விட்டுவிட்டுக் கையை நிறுத்த வேண்டும்."

திரும்பிப் பார்த்தோம். அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். ஏர்பிரஷை வாங்கி ஏந்திப் பார்த்தார். "கொசு தும்முகிறாற்போல் இருக்கிறது. எத்தனை பவுண்டு?" என்றார். சதுர அங்குலத்துக்குப் பதினைந்து என்றோம். "நாங்கள் நாற்பது, ஐம்பதில் அடிப்போம்" என்று சொல்லிப் புட்டிமேல் தெளித்தார். பழைய ஸ்பிரே கன் நினைவில் விசையை முழுதும் இழுத்துவிடவே, வண்ணம் பீறிட்டு மேசை, அவர் வேட்டி, நம் பூதக்கண்ணாடி எல்லாம் நனைந்தன. நம் மகள் கைகொட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாயிற்று.

அன்று முதல் மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. அவர் சொல்லிக் கொடுத்தவற்றை, பயன்படுவோர்க்கு உதவும் என்று இங்கே குறித்து வைக்கிறோம். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு முழங்கையை அசைக்க வேண்டும். மணிக்கட்டு சுழன்றால் நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவும் வரும். கை ஓடத் தொடங்கிய பின்னரே வண்ணம் வர வேண்டும். கை நிற்குமுன் வண்ணம் நிற்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஒரே பூச்சில் நிறத்தை எட்ட முயலலாகாது; முதற்பூச்சு அழுக்குப் பட்டாற்போல் தோன்றினால் அதுவே சரி. மழை நாளில் வேலை இல்லை. முகமூடி இல்லாமலும் வேலை இல்லை. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுக் கடுத்தது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள் பலரை அவர் அறிவார்.

அவருக்கு நாம் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. ஓர் அடி தொலைவில் பிடித்துப் பழகிய கையை ஓர் அங்குலத் தொலைவுக்குக் கொண்டுவர அவர் பட்ட பாடு சிறிதன்று. கண்புரை வேறு. "விளிம்பு எனக்குத் தெரியவில்லை, நீ பார், கை எப்படிப் போகிறது என்று நான் பார்க்கிறேன்" என்றார். இரண்டு அரைமனிதர் சேர்ந்து ஒரு பெயின்டர் ஆனோம்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலில் அடிப்பாகத்துக்கு வெளிர் நிறம்; உலர்ந்த பின் முதுகு முழுதும் சாம்பல். இரு நிறங்களில் வெளிறியதை முதலில் அடிப்பதே முறை. அதன்பின் பச்சை வரும் இடங்களுக்கு எல்லை கட்ட வேண்டும். சுவரில் படம் ஒட்டும் பசைக்களியை மெல்லிய திரியாக உருட்டி வளைவுகளின்மேல் வைத்தால், திரியின் உருண்டையான ஓரத்துக்கு அடியில் வண்ணம் சிறிதே நுழைந்து, விளிம்பு மிருதுவாகக் கரையும். நேர் மேலிருந்து தெளித்தால் கரைவு குறுகும்; சாய்த்துத் தெளித்தால் அகலும். கைமுறுக்குச் சுற்றும் தேர்ச்சியுடன் மகள் திரி உருட்டிக் கொடுத்தாள். சாம்பல் நிற்க வேண்டிய இடங்களைக் காகிதத்தால் மூடினோம். தந்தையார் கரும்பச்சையில் இரண்டு சொட்டு வெள்ளை கலக்கச் சொன்னார். தொலைவில் இருக்கும் பொருளின் நிறம் வெளிறித் தோன்றும் ஆதலால், சிறிய மாதிரிக்கு அசல் நிறத்தையே பூசினால் கருத்துப் போகும். இதை மாதிரி செய்வோர் நூல்களில் நாம் படித்திருந்தோம். அவர் எதிலும் படித்ததில்லை. "அவ்வளவு கறுப்பாய்க் கண்ணுக்குப் படாது" என்று மட்டும் சொன்னார்.

இடது இறக்கையை அவர் அடித்தார். வலது இறக்கையை நாம் அடித்தோம். திரியை உரித்தபோது வீடே மூச்சடக்கி நின்றது. பச்சை சாம்பலில் கரைந்திருந்தது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இடது இறக்கை நன்றாக இருந்தது. வலது இறக்கை அவ்வளவு நன்றாக இல்லை.

தந்தையார் விமானத்தை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். மேல்புறத்தைப் பார்க்கவில்லை, தலைக்கு மேல் உயர்த்தி, அடிப்பாகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நான் பார்த்தது இந்தப் பக்கத்தைத்தான்."

1965, செப்டம்பர் 7. அன்று விடியற்காலையில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த சேபர் விமானங்கள் கலைகுண்டாவைத் தாக்கி, தரையில் நின்ற கான்பெர்ரா, வாம்பயர் விமானங்கள் சிலவற்றை அழித்தன. முற்பகலில் அவை மீண்டும் வந்தபோது, 14-ஆம் ஸ்குவாட்ரன் ஹண்டர்கள் எதிர்கொண்டன. ஆல்பிரட் குக், மம்கயின் என்னும் இரு இளம் விமானிகள் அவற்றைக் கரக்பூர் வானத்தில் துரத்தினர். குக் ஒரு சேபரை வீழ்த்தினார். இருவரும் வீர் சக்கரம் பெற்றனர். இவ்வளவும் நூல்களில் உள்ளவை. நம் தந்தையார் அன்று பத்து வயதுச் சிறுவனாக ரயில்வே குடியிருப்பின் நடுவே நின்று அதைப் பார்த்திருந்தார் என்பது மட்டும் எந்த நூலிலும் இல்லை. நமக்கும் அதுவரை தெரியாது.

"கூரைக்கு மேலேயே வந்துவிட்டது. உன் பாட்டி உள்ளே வா, உள்ளே வா என்று கத்துகிறாள். எனக்குக் கால் நகரவில்லை. வெள்ளிக் கெண்டை புரளுகிற மாதிரி ஒரு மின்னல், பிறகு சத்தம். நம்முடையது எது, அவர்களுடையது எது என்று தெரியவில்லை. பெரியவர்கள்தான் ஹண்டர், ஹண்டர் என்றார்கள். முதுகில் பச்சை இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேலே இருப்பவனுக்கல்லவா அது!"

சிறிது நேரம் பேசாதிருந்தார். விமானத்தை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"அன்றைக்கு உன்னுடையதைத் தூக்கிப் போட்டேனே, அப்போதும் அது ஹண்டர் என்று எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று, தாயாரின் கைக்குட்டையில் இருந்த பழைய இறக்கையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தோம். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூரிகையால் பூசினாயா? பதினைந்து வயதுக்குப் பரவாயில்லை" என்றார். பிறகு, "அவள் எடுத்து வைத்தாளா?" என்று கேட்டுவிட்டுக் கைக்குட்டையைத் தாமே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹண்டர் இப்போது நம் கூடத்து அலமாரியில் நிற்கிறது. வட்டச் சின்னங்களை நீரில் நனைத்து ஒட்டியவள் மகள்; ஒன்று சற்றே கோணலாக இருக்கிறது, மாற்றவில்லை. வருவோர் பலரும் மேலிருந்து பார்த்து நிறத்தைப் புகழ்கின்றனர். தந்தையார் மட்டும் நாற்காலியில் தாழ அமர்ந்து, கீழிருந்து பார்க்கிறார். அடுத்த மாதம் அவருக்குக் கண்புரை அறுவை. அதற்குள் கான்பெர்ரா ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. அன்று தரையில் எரிந்தவற்றையும் செய்து வைப்பதுதான் நியாயமாம்.

அன்பர்களின் இல்லங்களிலும் தொழில் ஓய்ந்த கைகள் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். நாம் முதுகைத் திருப்பி உட்கார்ந்த மூன்று வாரங்களை எண்ணி இன்றும் வருந்துகிறோம். அண்டை வீட்டு நண்பர் மறுபடி வந்து "குழந்தைக்கா?" என்று கேட்டால், சொல்ல இப்போது நம்மிடம் விடை இருக்கிறது: "ஆம், பத்து வயதுக் குழந்தைக்கு."